ஆஸ்பத்திரிகள் தயாரா?

எம்.பி.பி.எஸ். இறுதிப் பரீட்சையில் தேறிய யுவர்களும் யுவதிகளும் ஆண்டுதோறும் ஆயிரக் கணக்கில் ஹவுஸ் சர்ஜன்களாக ஆஸ்பத்திரிகளில் அடியெடுத்து வைக்கிறார்கள். நேற்று வரை பெஞ்சியில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள், இன்று நோயாளியின் கட்டிலருகே நின்று 'டாக்டர்' என்று அழைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு உபதேசம் செய்ய முன்வருவோருக்குக் குறைவில்லை. அவசர மருந்துகளின் அளவை மனப்பாடம் செய்துகொள், சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள், நேரம் கிடைத்தபோது சாப்பிடு, இடம் கிடைத்தபோது தூங்கு என்று ஆசிரியர்களும் மூத்த மாணவர்களும் சொல்லி அனுப்புகிறார்கள். இவையெல்லாம் நல்ல புத்திமதிகளே. ஆனால் இவ்வளவும் ஒரு தரப்பாருக்கு மட்டுமே செய்யப்படுகின்றன. புதிய டாக்டர் ஆஸ்பத்திரிக்குத் தயாராக வேண்டுமென்று எல்லோரும் சொல்லுகிறார்கள். புதிய டாக்டரை ஏற்றுக்கொள்ள ஆஸ்பத்திரி தயாராக இருக்கிறதா என்று கேட்பாரைக் காணோம். அந்தக் கேள்வியையே நாம் இன்று கேட்க விரும்புகிறோம்.

இது டாக்டர்களின் குடும்ப விவகாரம் என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. பணமுள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் பெற்ற நிபுணரைப் பார்த்துக்கொள்ளுகிறார். நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் 108 ஆம்புலன்ஸில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் ஏழைக் குடியானவனின் நாடியை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு ஹவுஸ் சர்ஜன், அல்லது மேற்படிப்புப் பயிற்சியிலிருக்கும் ஓர் இளம் டாக்டர். ஆகவே இளம் டாக்டர் எந்த நிலைமையில் வேலை செய்கிறார் என்பதும், ஏழைக்கு எத்தகைய சிகிச்சை கிடைக்கிறது என்பதும் ஒரே கேள்வியாகும்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். தேசிய மருத்துவக் கமிஷன் 2021-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்ட விதிகளின்படி, ஒவ்வொரு பட்டதாரியும் 12 மாதம் சுழற்சி முறையில் பயிற்சி பெற்றாக வேண்டும். அக்காலத்தில் அவர் தாற்காலிகமாகப் பதிவு செய்யப்பட்டவரே தவிர, முழு உரிமை பெற்ற டாக்டரல்ல. மேலதிகாரியின் மேற்பார்வையில்தான் அவர் வேலை செய்ய வேண்டும். சட்டத்தின் நோக்கம் தெளிவானது. இவர் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். இவருடைய செய்கைக்கு வேறொருவர் பொறுப்பு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டில் அந்த 'வேறொருவர்' எங்கே? நல்ல ஆஸ்பத்திரிகளில் அவர் பக்கத்து அறையில் இருக்கிறார்; கூப்பிட்டால் வருகிறார். மற்ற இடங்களில் அவர் பெயர் டியூட்டிப் பட்டியலில் மட்டுமே இருக்கிறது. சட்டம் யாரைப் பூர்ண டாக்டரல்ல என்று சொல்லுகிறதோ, அவரே அந்த வேளையில் சர்வாதிகாரியாகி விடுகிறார். அதை அவர் விரும்பிக் கேட்டுப் பெறவில்லை.

அதே விதிகளில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேற்றுப் பிரிவுக்கு 7 வாரம், பொது மருத்துவத்துக்கும் பொது அறுவைக்கும் தலைக்கு 6 வாரம், குழந்தைகள் பிரிவுக்கு 3 வாரம், மனநோய், மயக்க மருந்து, எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, அவசர சிகிச்சை ஆகியவற்றுக்குத் தலைக்கு 2 வாரம் என்று ஆண்டு முழுவதும் பங்கு போடப்பட்டிருக்கிறது. இதன் பயன் என்ன? ஹவுஸ் சர்ஜனுக்கு 'முதல் நாள்' என்பது ஆண்டில் ஒரு தடவை வந்து போவதல்ல. பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. ஒரு வார்டின் மருந்து அலமாரி எங்கே, ஆக்ஸிஜன் எங்கே, எந்த நர்ஸ் அனுபவசாலி என்று தெரிந்துகொள்ளுவதற்குள் அவர் அடுத்த வார்டுக்கு மாற்றப்படுகிறார். பல துறைகளையும் அறிந்த டாக்டர் கிராமத்துக்கு வேண்டும் என்பது இம்முறையின் கருத்து. அதை நாம் குறை கூறவில்லை. 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, நமது டாக்டர்கள் நோய்த் தடுப்பிலும் சமுதாயத்தின் சுகாதாரத்திலும் பயிற்சி பெற வேண்டுமென்று வற்புறுத்தியது. நம் டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அக்கமிட்டியில் அங்கத்தினராயிருந்தார். ஆனால் ஆண்டில் பத்து முறைக்கு மேல் ஒருவரைப் புது இடத்தில் நிறுத்துகிறவர்கள், அத்தனை முறையும் அவருக்கு வழிகாட்டக் கடமைப்பட்டவர்களல்லவா?

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு ஒரு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. புதிதாகக் கோர்ட்டுக்கு வரும் ஜூனியர் தடுமாறினால் வாய்தா கேட்கலாம். தவறாக வாதித்தால் அப்பீலுக்குப் போகலாம். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் இளம் டாக்டருக்கு இவ்விரண்டும் இல்லை. அப்படியிருந்தும், எந்த ஜூனியரையும் முதல் வாரத்தில் தனியாகக் கொலை வழக்கு நடத்தும்படி எந்த சீனியரும் அனுப்புவதில்லை.

இந்தப் பழக்கம் எப்படி ஏற்பட்டது? 'ரெஸிடென்ட்' என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரியிலேயே குடியிருப்பவர் என்பது பொருள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1889-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய சர்ஜன் இம்முறைக்கு உருக்கொடுத்தார். இளம் டாக்டர்கள் இரவு பகலாக அங்கேயே தங்கினார்கள். அறுவை சிகிச்சை ஒரு சாஸ்திரமாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும், மயக்க மருந்து ஆராய்ச்சியில் கொக்கேயினைத் தம் உடம்பிலேயே சோதித்து, அப்பழக்கத்துக்கு அடிமையாகி, வாழ்நாள் முழுதும் போதைப் பொருளுடன் போராடியவர் அவர் என்பதும் சரித்திரம். ஓய்வின்மையே உயர்ந்த பயிற்சி என்பதற்கு அவரைப் பிரமாணமாகக் காட்டுவோர் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலும், அக்காலத்து வார்டு வேறு, இக்காலத்து வார்டு வேறு. அன்று நோயாளி வாரக் கணக்கில் படுத்திருந்தார். கொடுக்கக்கூடிய மருந்துகளும் சிலவே. இன்று ஒரே இரவில் பலர் வந்து போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து மருந்து. ஒரு மருந்து மற்றொன்றுடன் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

அப்படிப்பட்ட ஆபத்து ஒன்றே அமெரிக்காவை விழிக்கச் செய்தது. 1984-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓரிரவு, ஜுரத்துடன் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்க்கப்பட்ட 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவள் மனச்சோர்வுக்காக ஒரு மருந்து சாப்பிட்டு வந்தாள். அதனுடன் சேரக்கூடாத பெதிடின் வர்க்கத்து மருந்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கப்பட்டது. அவளைக் கவனித்தவர்கள் பயிற்சி டாக்டர்கள். முதலாண்டுப் பயிற்சியிலிருந்தவருக்கு அவ்விரவில் இன்னும் பல நோயாளிகளின் பொறுப்பும் இருந்தது. மூத்த டாக்டர் ஆஸ்பத்திரியில் இல்லை. டெலிபோனில் ஆலோசனை சொன்னார். அப்பெண்ணின் தகப்பனார் சட்டம் படித்த பத்திரிகையாளர். அவர் சும்மா இருக்கவில்லை. 1986-ல் விசாரித்த கிராண்டு ஜூரி எந்த டாக்டர் மீதும் குற்றம் சாட்டவில்லை. ஆனால், அளவற்ற வேலை நேரம், போதாத மேற்பார்வை என்ற இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டிற்று. தனி மனிதரைத் தண்டித்துக் கணக்கை முடித்துவிடாமல், முறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதே அந்த ஜூரியின் பெருமை. டாக்டர் பெர்ட்ராண்டு பெல் தலைமையில் அமைந்த கமிட்டியின் சிபார்சுப்படி, 1989-ல் நியூயார்க் ராஜ்யம், வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்து 24 மணி என்று வரம்பு கட்டியது. மூத்த டாக்டர்களின் மேற்பார்வைக்கும் விதி செய்தது.

அமெரிக்கா முழுவதற்கும் 80 மணி வரம்பு வர 2003 வரை பிடித்தது. 2004-ல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று, பழைய நீண்ட டியூட்டி முறையில் புதிய டாக்டர்கள் செய்த கடுமையான தவறுகள், நேரம் குறைக்கப்பட்ட முறையைவிடச் சுமார் 36 சதவீதம் அதிகமென்று காட்டியது. நீண்ட டியூட்டி முடிந்து கார் ஓட்டிச் செல்லும் இளம் டாக்டர் விபத்துக்குள்ளாகும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று அடுத்த ஆண்டில் தெரிந்தது. 2011-ல் முதலாண்டு டாக்டருக்குத் தொடர்ந்து 16 மணிக்கு மேல் வேலை கூடாதென்று தடுத்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எதிர்த் தரப்புச் சாட்சியத்தை மறைப்பது நேர்மையாகாது. 2016-லும் 2019-லும் வெளியான இரண்டு பெரிய ஆராய்ச்சிகளில், நேரக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களுக்கும் தளர்த்தப்பட்ட இடங்களுக்கும் நோயாளிகளின் மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இதற்கிடையில் 2017-ல், 16 மணி வரம்பை நீக்கி, முதலாண்டு டாக்டருக்கும் 24 மணியும் அதற்கு மேல் பொறுப்பை ஒப்படைக்க 4 மணியும் அனுமதித்தார்கள்.

இதைக் கண்டு, வேலை நேரத்தைப் பற்றிய பேச்சே வீண் என்று முடிவு கட்டுவோர் அவசரப்படுகிறார்கள். டியூட்டி குறுகினால், நோயாளி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் தடவைகள் அதிகமாகின்றன. மாறும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால், தூக்கத்தால் கிடைத்த லாபம் மறதியால் போய்விடுகிறது. இதற்கும் பரிகாரம் உண்டு. நோயின் கடுமை, சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டியவை, எதிர்பார்க்க வேண்டிய ஆபத்து, கேட்டவர் திருப்பிச் சொல்லுதல் என்று ஐந்து அங்கங்களுடன் பொறுப்பை ஒப்படைக்கும் முறை ஒன்றை ஒன்பது குழந்தை வைத்தியப் பயிற்சி நிலையங்களில் கையாண்டு பார்த்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்தன என்று 2014-ல் பிரசுரித்தார்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம். ஒரு தாளும், கால் மணி நேரமும், அதை வற்புறுத்தும் ஓர் அதிகாரியும் போதும்.

பிரிட்டனிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. அங்கே புதிய டாக்டர்கள் ஆகஸ்டு மாதத்து முதல் புதன்கிழமையில் ஒருசேர வேலையேற்கிறார்கள். 2000 முதல் 2008 வரையுள்ள கணக்குகளை ஆராய்ந்ததில், அன்று அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு மரண வாய்ப்பு, முந்திய வாரத்துப் புதனில் சேர்ந்தவர்களைவிடச் சுமார் 6 சதவீதம் அதிகமென்று தெரிந்தது. இன்னதுதான் காரணமென்று ஆராய்ச்சியாளர் அறுதியிடவில்லை. ஆயினும் அரசாங்கம் காத்திருக்கவில்லை. 2012 முதல், புதிய டாக்டர் பொறுப்பேற்பதற்கு முன் குறைந்தது நான்கு நாட்கள், தாம் ஏற்கப்போகும் அதே வேலையில் இருப்பவரின் கூடவே இருந்து பழக வேண்டும், அந்நாட்களுக்குச் சம்பளமும் உண்டு என்று இங்கிலாந்தில் ஏற்பாடு செய்தார்கள். புதியவரைத் தயார் செய்வது நிர்வாகத்தின் கடமை என்பதை இது ஒப்புக்கொள்ளுகிறது.

நமது தேசத்தின் நிலைமை என்ன? உத்தரவுகளில் நாம் யாருக்கும் பின்னடைந்தவர்களல்ல. 1992-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ரெஸிடென்ஸி உத்தரவு, தொடர்ந்து 12 மணிக்கும் வாரத்துக்கு 48 மணிக்கும் சாதாரணமாக மேற்படக்கூடாதென்று கூறியது. காகிதத்தில் அது அமெரிக்க விதியைவிட உத்தமம். நடைமுறையில் 36 மணி டியூட்டி சகஜமாயிற்று. 2023-ம் ஆண்டு மேற்படிப்பு விதிகளில் எண்ணே மறைந்து, வேலை நேரம் 'நியாயமாக' இருக்க வேண்டுமென்ற வாசகம் வந்தது. நியாயம் என்னவென்று நிர்ணயிப்பவர் யார்? வேலை வாங்குகிறவரே என்றால், அந்தச் சொல்லை எழுதாமலே விட்டிருக்கலாம். 2024-ல் கமிஷன் நியமித்த குழு, மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராய்ந்து, வாரத்துக்கு 74 மணிக்கு மேற்படலாகாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று சிபார்சு செய்தது. நேயர்கள் இவ்விரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 1992-ல் 48, 32 வருஷத்துக்குப் பின் 74. இதையும் ஒரு சீர்திருத்தமென்று வரவேற்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், யந்திரத்தருகே நிற்கும் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று வரம்பு கட்டியது. 1961-ல் பஸ், லாரி ஓட்டுபவர்களுக்கும் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி என்று விதித்தது. களைத்த கை ஆபத்தை விளைவிக்குமென்பது அங்கெல்லாம் புரிந்தது. ஊசி பிடிக்கும் கையின் விஷயத்தில் மட்டும் புரியவில்லை.

2024 ஆகஸ்டு 9-ந் தேதி கல்கத்தாவில் நடந்ததைத் தேசம் மறக்கவில்லை. சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், நீண்ட டியூட்டியினிடையே படுக்கத் தனி அறையின்றிக் கருத்தரங்க மண்டபத்தில் ஓய்வெடுத்த ஓர் இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். குற்றவாளிக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு வழக்கைத் தானே எடுத்துக்கொண்டு, டாக்டர்களின் பாதுகாப்பு பற்றி ஆராய ஒரு தேசியக் குழுவை நியமித்தது. 36 மணி டியூட்டி மனிதத் தன்மைக்கு ஒவ்வாதது என்ற கருத்தும் அங்கே வெளியாயிற்று. கொலைகாரனுக்குத் தண்டனை கிடைத்தது. தாழ்ப்பாளுள்ள ஓய்வறை ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் கிடைத்துவிட்டதா என்று ஒவ்வோர் ஊராரும் தம் ஊர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கட்டும்.

'நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டுக் கற்றோம்' என்று மூத்த டாக்டர்கள் சிலர் சொல்லுவதுண்டு. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெண்கள் அடியெடுத்து வைத்திராத ஹவுஸ் சர்ஜன் பதவியை வகித்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டவர் யார்? ஆனால் அவர், தாம் பட்ட துன்பம் பின்வருவோரும் படட்டும் என்று சொல்லவில்லை. பிறர் படாதிருப்பதற்காகவே சட்டசபைக்குப் போனார். கஷ்டம் வேறு, கல்வி வேறு. முப்பதாவது மணி நேரத்தில் கண் செருக நிற்பவருக்கு எந்த ஆசிரியரின் பாடமும் ஏறாது.

'ஆள் போதவில்லை, நோயாளிக் கூட்டமோ ஓயவில்லை' என்பது இரண்டாவது சமாதானம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆள் குறைவுக்குப் பரிகாரம் காலியிடங்களை நிரப்புவது. இருப்பவர்களில் இளையவரைத் தூங்கவிடாமல் வேலை வாங்கினால், காலியிடம் இருப்பதே யார் கண்ணுக்கும் படாமல் போய்விடுகிறது. சர்க்காருக்கு அது சௌகரியம், நோயாளிக்கு அல்ல.

ஆகவே நாம் கோருவது இவைதான். முதலாவது, ஹவுஸ் சர்ஜன்கள் வேலையேற்பதற்கு முன், சம்பளத்துடன், நான்கு நாட்களேனும் முந்திய அணியினருடன் கூட இருந்து பழக வேண்டும். வார்டு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் அதற்காக ஒதுக்கப்பட வேண்டும். 2019-ல் புதுப் பாடத்திட்டம் வந்தபோது கல்லூரி வாசலில் நுழையும் மாணவனுக்கு ஒரு மாத ஆரம்பப் பயிற்சி வகுத்தவர்களுக்கு, வார்டு வாசலில் நுழையும் டாக்டருக்கு நான்கு நாள் அதிகமாகத் தோன்றக்கூடாது. இரண்டாவது, அன்றைய இரவுக்குப் பொறுப்பான மூத்த டாக்டரின் பெயரும் டெலிபோன் எண்ணும் ஒவ்வொரு வார்டின் சுவரிலும், நோயாளியின் உறவினர் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். கூப்பிட்டால் அவர் வர வேண்டும். மூன்றாவது, டியூட்டி மாறும்போது எழுத்து மூலம் பொறுப்பை ஒப்படைப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். நான்காவது, வேலை நேர வரம்பு எண்ணால் குறிக்கப்பட்டு, வருகைப் பதிவேடு வெளியார் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஐந்தாவது, தாழ்ப்பாளுள்ள ஓய்வறையும், இரவு உணவும், குறித்த தேதியில் உதவிச் சம்பளமும் கிடைக்க வேண்டும். இவற்றில் நான்காவதற்குத்தான் பெரும் பணம் வேண்டும். மற்றவற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் மனம்.

வேலையேற்கப் போகும் யுவர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு வார்த்தை. 'எனக்குத் தெரியவில்லை, தயவுசெய்து வாருங்கள்' என்று மூத்தவரை இரவில் எழுப்ப வெட்கப்படாதீர்கள். அவர் சினந்தாலும் பாதகமில்லை, நோயாளி பிழைப்பான். இருபது வருஷம் வார்டில் இருந்த நர்ஸ் 'இந்த அளவு அதிகமாயிருக்கிறதே, டாக்டர்' என்று சொன்னால், அவர் சொல்லைத் தட்டாதீர்கள். செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நேரம் குறித்துக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அது நோயாளிக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.

கடைசியாக, பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நம் நண்பர்களுக்கு. ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தால், கூட்டத்துடன் முதலில் அங்கே போய் நிற்பவர்கள் நீங்களே. அச்சமயம் உங்கள் கண்ணெதிரில் அகப்படுபவர் 23 வயது ஹவுஸ் சர்ஜன். அவரை அடிப்பது 2008-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய அநியாயமும் அதில் இருக்கிறது. ஏனெனில், கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அங்கே இல்லை. அவர் இல்லாததே குற்றம். அடுத்த முறை போகும்போது அந்த இளம் டாக்டரின் பக்கத்தில் நின்று, 'இன்றிரவுக்குப் பொறுப்பான மூத்த டாக்டர் யார்? அவர் எங்கே? இந்தப் பிள்ளை எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை?' என்று கேளுங்கள். டீனிடம் கேளுங்கள், மந்திரியிடம் கேளுங்கள், சட்டசபையில் கேட்கச் செய்யுங்கள். ஊர் ஊராக இக்கேள்வி எழுமானால், சர்க்கார் பதில் சொல்லாமலிருக்க முடியாது.